பயணியை ஏற்றும் முன்: சிறு விமானம் ஓட்டுபவர் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவில் பிரைவேட் பைலட் உரிமத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது. ஒருமுறை வாங்கிவிட்டால் ஆயுளுக்கும் அது உங்களுடையது. ஆனால் அந்த அட்டை பர்ஸில் இருப்பதால் மட்டும் இன்றைக்குப் பறந்துவிட முடியாது. இந்த விமானத்தில், இந்தப் பயணிகளோடு, இந்த நேரத்தில் பறக்கலாமா என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். அதைப் போட வேண்டியவர் விமானி. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் விதி 91.3 இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறது: விமானத்தை இயக்குவதற்கு நேரடிப் பொறுப்பும் இறுதி அதிகாரமும் பைலட் இன் கமாண்டுக்கே, அதாவது அந்தப் பயணத்தின் தலைமை விமானிக்கே. விமானத்தை வாடகைக்குக் கொடுத்த கிளப், ஆண்டுச் சோதனையில் கையெழுத்திட்ட மெக்கானிக், கோபுரத்திலிருந்து பேசும் கன்ட்ரோலர் என்று யாரும் அதை உங்கள் தோளிலிருந்து இறக்கிவைக்க மாட்டார்கள்.

கீழே உள்ளவை அமெரிக்க விதிகள். எண்களுக்கு செஸ்னா 172எஸ் ரகத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். இந்தியாவிலோ இலங்கையிலோ ஓட்ட நினைப்பவர்கள் அந்த நாட்டு ஆணையத்தின் விதிகளைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் தகுதி

கையில் மூன்று இருக்க வேண்டும்: உரிமம், மெடிக்கல் சான்று, அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டை. மூன்றாம் வகுப்பு மெடிக்கலைப் பரிசோதனை நாளில் 40 வயது நிரம்பாதவர் வாங்கினால் 60 காலண்டர் மாதம் செல்லும். 40 தாண்டியவருக்கு 24 காலண்டர் மாதம். மெடிக்கல் சான்றுக்கு மாற்றான பேசிக்மெட் வழியில் போகிறவர்கள் 48 மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்க்க வேண்டும், 24 காலண்டர் மாதத்துக்கு ஒருமுறை ஆன்லைன் பாடத்தை முடிக்க வேண்டும். இந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மருத்துவரின் தாள் செல்லுபடியாக இருக்கும், பாடம் தேதி தாண்டியிருக்கும்.

அடுத்தது ஃப்ளைட் ரிவ்யூ. 24 காலண்டர் மாதத்துக்குள் ஒரு இன்ஸ்ட்ரக்டரோடு குறைந்தது ஒரு மணி நேரம் தரையில் பாடம், ஒரு மணி நேரம் ஆகாயத்தில் பயிற்சி, முடிவில் லாக்புக்கில் அவருடைய கையெழுத்து. காலண்டர் மாதம் என்பதால் 2024 மே 6 அன்று முடித்தால் 2026 மே 31 வரை செல்லும். இது தீர்ந்துபோனால் பயணி இல்லாமல் தனியாகக்கூட ஓட்ட முடியாது. இந்த இடைவெளியில் உரிமத்தில் ஏறும் கூடுதல் தகுதியான புதிய ரேட்டிங்குக்கான தேர்வில் தேறியிருந்தால், அல்லது எஃப்.ஏ.ஏ.வின் விங்ஸ் பயிற்சித் திட்டத்தில் ஒரு கட்டத்தை முடித்திருந்தால், அதுவே ரிவ்யூவாக எடுத்துக்கொள்ளப்படும்.

பயணியை ஏற்ற வேண்டுமென்றால் இன்னொரு நிபந்தனை உண்டு. கடந்த 90 நாளுக்குள் அதே வகை, அதே பிரிவு விமானத்தில் மூன்று டேக்ஆஃப், மூன்று லேண்டிங். கட்டுப்பாடுகளை நீங்கள் மட்டுமே கையாண்டிருக்க வேண்டும். இங்கே மாதக் கணக்கு கிடையாது. நாளை எண்ண வேண்டும். ஜூலை 1 அன்று மூன்றையும் முடித்திருந்தால் செப்டம்பர் 29 வரைதான். மூன்றும் வெவ்வேறு நாளில் நடந்திருந்தால் மிகப் பழையது உதிர்ந்த மறுநாளே கணக்கு இரண்டாகிவிடும். கணக்கு குறைந்தால் தனியாகப் போய் மூன்று சுற்று அடித்துவிட்டு வந்து பயணியை ஏற்றிக்கொள்ளலாம். பகலில், மூக்குச் சக்கர விமானத்தில் டச் அண்ட் கோ, அதாவது தரையைத் தொட்டதும் நிற்காமல் மறுபடி கிளம்புவது, போதும். வால்சக்கர விமானத்தில் ஒவ்வொரு முறையும் முழுதாக நிறுத்த வேண்டும்.

இரவு விஷயத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் விதிப்புத்தகத்தில் ‘இரவு’ மூன்று நேரங்களில் தொடங்குகிறது. சூரியன் 8.15க்கு மறைவதாக வைத்துக்கொள்ளுங்கள். 8.15க்கே சிறகு விளக்குகள் எரிய வேண்டும். அந்தி வெளிச்சம் முடிகிற நேரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய 8.45 முதல், லாக்புக்கில் இரவு நேரமாக எழுதலாம். எரிபொருள் இருப்புக்கும் அதுதான் இரவு. பயணிக்கான லேண்டிங் கணக்கில் மட்டும் 9.15க்குப் பிறகுதான் இரவு ஆரம்பம்: சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழிந்ததிலிருந்து மறுநாள் சூரியன் உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை. அந்த இடைவெளியில் முழுதாக நிறுத்திய மூன்று லேண்டிங் 90 நாளுக்குள் இருக்க வேண்டும். டச் அண்ட் கோ இதில் சேராது. 9 மணிக்கு லேண்டிங் 8.50க்கு லேண்டிங் என்று அந்தியிலேயே அடித்துவைத்து ‘இரவு கரன்ட்’ (இரவுத் தகுதி நடப்பில் இருக்கிறது) என்று நம்பியிருப்பவர்களின் லாக்புக்கைப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறாது. திட்டம் போடும்போதும் இதைக் கவனியுங்கள். 9.05க்கு இறங்க நினைத்த பயணத்தில் இறங்காமல் மறுபடி மேலே ஏறிச் சுற்றிவரும் ஒரு கோ-அரவுண்டும் கோபுரத்தின் காத்திருப்பும் சேர்ந்தால் 9.20 ஆகிவிடும்.

இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதாவது வெளியே எதுவும் தெரியாதபோதும் கருவிகளைப் பார்த்தே ஓட்டும் தகுதி, உள்ளவர்களுக்கு: பறக்கும் மாதத்துக்கு முந்தைய ஆறு காலண்டர் மாதத்தில் ஆறு அப்ரோச் (கருவி வழியே ரன்வேயை நெருங்குதல்), ஹோல்டிங் (ஓரிடத்தைச் சுற்றிக் காத்திருத்தல்), கருவி வழியே பாதையைப் பிடித்துத் தொடர்தல். தவறினால் அடுத்த ஆறு மாதம் வரை, வெளியே பார்த்துக்கொள்ளும் சேஃப்டி பைலட்டோடு போய் ஈடுகட்டிக்கொள்ளலாம். அதையும் தாண்டினால் இன்ஸ்ட்ருமென்ட் ப்ரொஃபிஷியன்சி செக் செய்துதான் ஆக வேண்டும். சேஃப்டி பைலட்டின் பெயரை லாக்புக்கில் எழுத மறக்காதீர்கள்.

விமானத்தின் தகுதி

விமானத்துக்குள் ஏர்வர்த்தினெஸ் (பறக்கும் தகுதிச்) சான்று, பதிவுச் சான்று, கையேடு, எடை-சமநிலைத் தாள் நான்கும் இருக்க வேண்டும். பதிவுச் சான்றின் தேதியை உண்மையாகவே படியுங்கள். அதற்குக் காலாவதி உண்டு. பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருப்பதால் யாரும் பார்ப்பதில்லை.

பராமரிப்புப் பதிவில் பார்க்க வேண்டியவை: ஆண்டுச் சோதனை 12 காலண்டர் மாதத்துக்குள், ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பாண்டரின் சோதனை 24 காலண்டர் மாதத்துக்குள், விழுந்தால் இடத்தை அறிவிக்கும் இ.எல்.டி. கருவியின் சோதனை 12 காலண்டர் மாதத்துக்குள். கருவி வழிப் பயணம் என்றால் உயரம் காட்டும் ஆல்டிமீட்டர், காற்றழுத்தத்தை எடுத்துக் கருவிகளுக்குத் தரும் பிட்டோ-ஸ்டாட்டிக் அமைப்பு இவற்றின் சோதனையும் 24 மாதத்துக்குள். விமானத்தையும் இன்ஸ்ட்ரக்டரையும் சேர்த்துக் கட்டணத்துக்குத் தரும் பள்ளி என்றால் 100 மணி நேரச் சோதனையும் உண்டு. 100ஐத் தாண்டி 10 மணி வரை ஓட்டலாம். ஆனால் அது சோதனை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதற்கு மட்டும். தாண்டிய மணிகள் அடுத்த 100இல் கழியும். ஏர்வர்த்தினெஸ் டைரக்டிவ் எனப்படும் கட்டாயத் திருத்தங்கள் நிறைவேறியதற்கான பட்டியலையும் கிளப்பிடம் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. கேட்பது உங்கள் வேலை.

ஏதாவது ஒரு கருவி வேலை செய்யவில்லை என்றால் ‘பரவாயில்லை, அது தேவைப்படாது’ என்று கிளம்பக் கூடாது. விதி 91.205இன் பட்டியல், விமானத்தின் சொந்தக் கருவிப் பட்டியல், டைரக்டிவ்கள் என மூன்றிலும் அது கட்டாயமா என்று பாருங்கள். எதிலும் இல்லாவிட்டால்கூட அதைக் கழற்றவோ செயலிழக்கச் செய்யவோ வேண்டும், ‘வேலை செய்யாது’ என்று அதன் மேல் ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகும் அது இல்லாமல் பறப்பது ஆபத்தில்லை என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டும்.

வெளியே சுற்றிப் பார்க்கும்போது அவசரமே வேண்டாம். 172எஸ்ஸில் எரிபொருள் வடிக்கும் இடங்கள் 13: ஒவ்வொரு சிறகின் கீழும் 5, வயிற்றில் 3. மழை நாளுக்குப் பிறகும் புதிதாக எரிபொருள் நிரப்பிய பிறகும் எல்லாவற்றையும் வடித்துப் பாருங்கள். தண்ணீர் கனமானது, குப்பியின் அடியில் குமிழாக நிற்கும். இந்த விமானத்தின் எரிபொருளான 100எல்எல் நீல நிறம். குப்பியில் நீலம் தெரியாமல், வைக்கோல் நிறமாகவோ நிறமே இல்லாமலோ இருந்து மண்ணெண்ணெய் வாசனை வந்தால் ஜெட் எரிபொருள் கலந்திருக்கிறது, எஞ்சினைத் தொடாதீர்கள். டாங்கின் அளவைக் கேஜில் பார்த்து நம்பாமல் ஏணி போட்டு ஏறிக் குச்சி விட்டுப் பாருங்கள். மூடியை நீங்களே திருகுங்கள். எண்ணெய் 5 குவார்ட்டுக்குக் கீழே இருந்தால் ஸ்டார்ட் செய்யக் கூடாது. கடைசியாக, பிட்டோ உறை, கன்ட்ரோல் லாக், இழுவைக் கம்பி மூன்றும் விமானத்தை விட்டு அகன்றுவிட்டனவா என்று பாருங்கள்.

எடை, ரன்வே, எரிபொருள்

ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவையும் நண்பரையும் ஏற்றிக்கொண்டு நான்கு பேராகப் போக ஆசை எல்லோருக்கும் வரும். 172எஸ்ஸில் நான்கு இருக்கை இருக்கிறது. நான்கு பெரியவர்களையும் முழு டாங்கையும் சேர்த்துத் தூக்க அதனால் முடியாது. அதிகபட்ச எடை 2,550 பவுண்ட். உங்கள் விமானத்தின் வெற்று எடை 1,690 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 860. பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 53 கேலன். கேலனுக்கு 6 பவுண்ட், ஆக 318. ஆட்களுக்கும் மூட்டைக்கும் 542 பவுண்ட்தான் மிச்சம். தலைக்கு 180 வீதம் நான்கு பேர் என்றால் 720. அப்படியானால் எரிபொருளுக்கு 140 பவுண்ட், அதாவது 23 கேலன் சொச்சம்தான் இடம். மணிக்கு 10 கேலன் கணக்கில் இருப்பையும் சேர்த்து இரண்டே கால் மணி நேரம். பக்கத்து ஊருக்குப் போய்வரலாம். நீண்ட பயணத்துக்கு ஆகாது. கையேட்டில் அச்சாகியிருக்கும் மாதிரி எடையைப் போடாதீர்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் சொந்தத் தாள் இருக்கிறது, அதில் இருக்கும் எண்தான் செல்லும். பயணிகள் சொல்லும் எடையோடு பத்துப் பவுண்ட் கூட்டிக்கொள்ளுங்கள், உடையும் செருப்பும் பையும் அதில் வராது. மொத்த எடை சரியாக இருந்தாலும் பின்னிருக்கையும் பின்மூட்டையும் கனத்தால் சமநிலைப் புள்ளி பின்னுக்குப் போகும். அப்போது, சிறகு தூக்குவிசையை இழக்கும் ஸ்டாலிலிருந்து மீள்வது கடினமாகும். ஆகவே புள்ளியையும் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்.

ரன்வே நீளமும் டேக்ஆஃப், லேண்டிங் தூரமும் எந்தப் பயணத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி 91.103 சொல்கிறது. பக்கத்திலேயே ஒரு சுற்று அடிப்பதற்கும் இது பொருந்தும். இதில் வெப்பத்தை மறப்பவர்கள் உண்டு. டென்வர் அருகே உள்ள சென்டெனியல் விமான நிலையம் 5,885 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் நியம வெப்பம் ஏறக்குறைய 3 டிகிரி செல்சியஸ். கோடையில் 32 டிகிரி என்றால் 29 டிகிரி கூடுதல்; டிகிரிக்கு 120 அடி வீதம் ஏறத்தாழ 3,500 அடி. எஞ்சினுக்கும் சிறகுக்கும் 9,300 அடிக்கு மேல் நிற்பதாகவே படும். கடல்மட்டத்தில் பழகியவர் அங்கே போய், வழக்கமான இடத்தில் மூக்கைத் தூக்கினால் விமானம் தரையை ஒட்டி மிதக்குமே தவிர ஏறாது. கையேட்டு எண்கள் புது விமானத்தைத் தேர்ந்த விமானி ஓட்டிக் கிடைத்தவை. அவற்றோடு பாதியளவாவது கூட்டி, அதற்கு ரன்வே போதுமா என்று பாருங்கள்.

எரிபொருள் சட்டம்: வெளியே பார்த்து ஓட்டும் கண்பார்வைப் பயணத்தில் முதல் இலக்கை அடைந்த பிறகு பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் மிச்சம் இருக்க வேண்டும். 30 நிமிடம் எவ்வளவு மெலிந்தது என்று பார்க்க ஒரு கணக்கு. 250 கடல்மைல், 115 நாட் (மணிக்கு 115 கடல்மைல்) வேகம்: 2 மணி 10 நிமிடம். எதிர்க்காற்று 20 நாட் என்றால் தரைவேகம் 95 ஆகிறது, பயணம் 2 மணி 38 நிமிடம். முன்கணிப்பில் இல்லாத ஒரே ஒரு காற்று 28 நிமிடத்தைத் தின்றுவிட்டது. அதனால்தான் ஒரு மணி நேர இருப்பை நாங்கள் வலியுறுத்துகிறோம். அது மட்டும் போதாது. பாதி வழியில் ஓர் இடத்தை முன்பே குறித்துவைத்து, அங்கே தரைவேகம் திட்டத்தைவிடக் குறைந்திருந்தால் இறங்கி நிரப்புங்கள்.

வானிலையும் இருட்டும்

10,000 அடிக்குக் கீழே, கிளாஸ் ஈ என்ற வகை வான்வெளியில், கண்பார்வைப் பயணத்துக்கு 3 மைல் பார்வையும் மேகத்துக்குக் கீழே 500 அடி, மேலே 1,000 அடி, பக்கவாட்டில் 2,000 அடி விலகலும் வேண்டும். இவை சட்டத்தின் அடிமட்டம். அமெரிக்காவில் இரவில் கண்பார்வைப் பயணத்துக்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் தேவையில்லை. 1999 ஜூலை 16 இரவு, முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் நியூஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு பைப்பர் சரடோகா என்ற சிறு விமானத்தில் கிளம்பினார். அவரிடம் அந்த ரேட்டிங் இல்லை. வழியிலிருந்த நிலையங்கள் பதிவு செய்த பார்வை சட்டப்படி போதுமானது. ஆனால் கடலுக்கு மேல் மூட்டமும் இருட்டும் கலந்து அடிவானம் மறைந்துபோயிருந்தது. திசையுணர்வு குழம்பி விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைக்க முடியாமல் போனதே காரணம் என்று விபத்துகளை விசாரிக்கும் என்.டி.எஸ்.பி. முடிவு செய்தது. மூவர் இறந்தார்கள்.

எனவே மைல் எண்ணோடு நிறுத்தாமல், அங்கே அடிவானம் தெரியுமா என்று கேளுங்கள். நிலவு இருக்கிறதா, கீழே ஊர் விளக்குகள் உண்டா, தண்ணீரா, காடா? கரையோரமாகச் சுற்றிப்போனால் எவ்வளவு நேரம் கூடும்? வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பம்) வித்தியாசம் 3 டிகிரிக்குள் சுருங்கிக்கொண்டு வந்தால் மூடுபனி வரக்கூடும். டாஃப் எனப்படும் விமான நிலைய வானிலை முன்கணிப்பு நிலையத்தைச் சுற்றி 5 மைலுக்கு மட்டுமே. நடுவழிக்கு அது எதுவும் சொல்லாது. விமானிகளுக்கான அறிவிப்பான நோட்டாமையும் தற்காலிகத் தடை வான்வெளியையும் கிளம்புவதற்குச் சற்று முன்பு மறுபடியும் பாருங்கள். அமெரிக்க அதிபர் வருகைக்காகப் போடும் தடை 30 கடல்மைல் ஆரத்துக்கு விரியும், நேரமும் மாறும்.

உடம்பு

மது குடித்து 8 மணி நேரத்துக்குள் ஓட்டக் கூடாது, இரத்தத்தில் 0.04 சதவீதம் இருந்தாலும் கூடாது. 8 மணி கழிந்தும் தாக்கம் இருந்தால் அப்போதும் கூடாது. இந்த விதி எல்லோருக்கும் தெரியும். சளிக்கும் அலர்ஜிக்கும் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைதான் கண்ணில் படாமல் நழுவுகிறது. தூக்கம் தரும் டைஃபென்ஹைட்ரமின் போட்டால் 60 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறது எஃப்.ஏ.ஏ. இரவில் தூங்குவதற்காக வாங்கும் பல மாத்திரைகளிலும் இதே மருந்துதான், பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். மெடிக்கல் சான்று செல்லுபடியாக இருந்தாலும், உடம்பு சரியில்லை என்று தெரிந்த நாளில் விதி 61.53 உங்களைத் தரையில் நிறுத்துகிறது.

ஆபத்து வந்தால்

91.3இன் இரண்டாம் பகுதியைப் பலர் படிப்பதே இல்லை. உடனடி நடவடிக்கை வேண்டிய அவசரத்தில், அதைச் சமாளிக்கத் தேவையான அளவுக்கு விமானி எந்த விதியிலிருந்தும் விலகலாம். கேட்டால் எழுத்தில் அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான். தண்டனைக்குப் பயந்து, வானொலியில் ஆபத்தை அறிவிக்கும் ‘மேடே’ சொல்லாமல் இருப்பது உயிரைக் கொல்லும். 1990 ஜனவரி 25 அன்று அவியான்கா 52 விமானம் நியூயார்க் அருகே ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பில் சுற்றியது. எரிபொருள் தீர்வதாகவும் முன்னுரிமை வேண்டுமென்றும் குழுவினர் சொன்னார்கள். ‘எமர்ஜென்சி’ என்று அறிவிக்கவில்லை. எஞ்சின்கள் நின்று லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற இடத்தில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். ஆகவே வாக்கியம் போட்டு விளக்காமல் ‘மேடே, மேடே, மேடே’, பெயர், பிரச்சினை, என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். ட்ரான்ஸ்பாண்டரில் ஆபத்துக் குறியீடான 7700ஐப் போடுங்கள். ஆனால் முதலில் விமானத்தை ஓட்டுங்கள். எஞ்சின் நின்றால் 172எஸ்ஸில் மிதந்து இறங்கும் வேகம் முழு எடைக்கு 68 நாட், அதைப் பிடித்த பிறகே பேச்சு.

கன்ட்ரோலர் சொன்னதைச் செய்ய முடியாது என்றால் ‘அனேபிள்’ (இயலாது) என்று சொல்லலாம். குறுக்குக்காற்று உங்கள் எல்லைக்கு மேல் இருக்கும் ரன்வேயை அவர் கொடுத்தால் வேறு ரன்வே கேளுங்கள்.

பணமும் தபாலும்

நண்பர்கள் ‘செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்பார்கள். பிரைவேட் பைலட் அதை ஏற்கக் கூடாது. எரிபொருள், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், வாடகை ஆகியவற்றில் நான்கு பேர் போனால் நான்கில் ஒரு பங்கையாவது நீங்கள் கொடுக்க வேண்டும். அந்த ஊருக்குப் போக உங்களுக்கும் சொந்தக் காரணம் இருக்க வேண்டும். இருக்கை காலி என்று ஊரறிய விளம்பரம் செய்தால் அது வணிகப் பறத்தலாகிவிடும். வீடு மாறினால் 30 நாளுக்குள் எஃப்.ஏ.ஏ.வுக்குப் புது முகவரி தெரிவிக்க வேண்டும். குடித்துக் கார் ஓட்டி மாட்டினால் 60 நாளுக்குள் தனியாக எழுதித் தெரிவிக்க வேண்டும். மெடிக்கல் படிவத்தில் எழுதினால் போதும் என்று நினைத்து உரிமத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

அனுமதி வேண்டிய வான்வெளிக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டால், உயரம் தவறிவிட்டால், 10 நாளுக்குள் பறக்கும்போது நேர்ந்த தவறுகளைச் சேகரிக்கும் நாசாவின் ஏ.எஸ்.ஆர்.எஸ். அமைப்புக்கு அறிக்கை அனுப்புங்கள். வேண்டுமென்று செய்ததோ குற்றமோ விபத்தோ இல்லாவிட்டால், முந்தைய 5 ஆண்டில் வேறு மீறல் நிரூபிக்கப்படாவிட்டால், உரிமத்துக்கான தண்டனை பொதுவாக நீங்கும். மற்ற விமானிகளுக்கும் அது பயன்படும், அதற்காகவே 1976 முதல் அந்த அமைப்பு நடக்கிறது.

விட்டுப்போன கையைத் திரும்பப் பிடிக்க

குளிர்காலம் முழுக்கப் பறக்காதவர் முதல் நல்ல ஞாயிற்றுக்கிழமையில் மூன்று சுற்று அடித்துச் சட்டத்தைச் சரிக்கட்டிவிட்டு, அன்றைக்கே குடும்பத்தை ஏற்றுவது நாங்கள் அடிக்கடி எச்சரிக்கும் பழக்கம். அமைதியான காற்றில் அடித்த மூன்று லேண்டிங், 12 நாட் குறுக்குக்காற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. வரிசை இப்படி இருக்கட்டும். முதல் நாள் இன்ஸ்ட்ரக்டரோடு மெதுவேகம், ஸ்டால், எஞ்சின் நின்றது போன்ற பயிற்சி, சிறகின் பின்விளிம்பில் இறங்கும் ஃபிளாப்பை முழுதும் இறக்கியபின் கோ-அரவுண்ட். இந்தக் கடைசி ஒன்றில்தான் கை அதிகம் துருப்பிடிக்கிறது: முழு பவர் கொடுத்ததும் மூக்கு தானாக மேலே போகும், மூக்கின் நிலையைப் பிடித்துவைக்கும் ட்ரிம் இறங்குவதற்காக வைத்தபடியே இருக்கும், அழுத்திப் பிடிக்காவிட்டால் வேகம் விழும். ஃபிளாப்பை ஒரேயடியாக எடுக்காமல் படிப்படியாக எடுங்கள். இரண்டாம் நாள் காற்று வீசும் நேரமாகப் பார்த்துக் குறுக்குக்காற்று லேண்டிங். காற்று ரன்வேக்கு 30 டிகிரி சாய்வில் வந்தால் பாதி, 45 டிகிரியில் பத்தில் ஏழு பங்கு, 60 டிகிரியில் பத்தில் ஒன்பது பங்கு குறுக்கே விழும். 172எஸ்ஸில் செய்துகாட்டப்பட்ட உச்சம் 15 நாட்; உங்கள் உச்சம் அன்றைக்கு நீங்கள் நடுக்கோட்டில் இறக்கிய அளவுதான், அதைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். மூன்றாம் நாள் தனியாக, பழகாத ஒரு விமான நிலையத்துக்குப் போய்வாருங்கள். பயணி அதற்கடுத்த முறை.